ஞாயிற்றுக்கிழமை போனுக்கு ஒரு ஓட்டெடுப்பு

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறாய், அதில் பாதியை நம்புகிறேன், மீதிப் பாதியை ஞாயிற்றுக்கிழமை போனில் உன் இருமலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வாரம் தவறாமல் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இந்த அம்மாவுக்குத் திடீரென்று பேனாவும் பேப்பரும் எதற்கு என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஜன்னல். கொக்கி விழவில்லை, ராத்திரி முழுக்கக் காற்று வருகிறது என்றாயே, விடுதி அலுவலகத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு வந்துவிட்டால் ஆயிற்றா, தினமும் போய் நில், உன் முகத்தைப் பார்த்துச் சலித்துப்போயாவது ஆள் அனுப்புவார்கள். அப்பாவிடம் கார் ஓட்டிப் பழக ஒரு பல் டாக்டர் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மனிதர் கண்ணை மூடிக்கொள்கிறாராம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்தே என் ஆயுள் முடிந்துவிடும் போலிருக்கிறது என்று அப்பா புலம்புகிறார். வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த மூன்று வாரமாக நிறையவே அழுத்தியிருக்கிறார்.

எங்கள் நூலக அணியும் உன் கல்லூரி அணியும் இணையத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சதுரங்கத்தைப் பற்றிப் போனில் உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று முதல் நாளே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன், அது உனக்குத் தெரியும். அதை இன்றுவரை மீறவில்லை, இப்போதும் மீறவில்லை. தபால் உன் கைக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும். ஒரு நகர்த்தலுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நாள் கெடு. ஆக, நீ இந்த உறையைப் பிரிக்கும்போது பலகையில் நான்கு தடவையாவது காய் நகர்ந்திருக்கும், இதில் இருப்பதெல்லாம் ஆறிப்போன செய்தியாக இருக்கும். அதனால்தான் பேப்பர். மனதில் இருப்பதைக் கொட்டவும் வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் பக்கத்தில் எப்படி முடிவெடுக்கிறீர்களோ எனக்குத் தெரியாது, எங்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பிறகு நடந்தது புரியும். நாங்கள் பத்தொன்பது பேர். எதிரணி காயை நகர்த்தியதும் முதல் இரண்டு நாள் பேச்சு, மூன்றாம் நாள்தான் ஓட்டு. எந்தக் காயை எங்கே வைக்கலாம் என்று தோன்றுகிறதோ அதைக் காரணத்தோடு அணிக்குரிய செய்திப் பெட்டியில் எழுத வேண்டும், மற்றவர்கள் அதை அடித்துப் பேசுவார்கள், பிறகு ஆளுக்கு ஒரு ஓட்டு, அதிக ஓட்டு வாங்கிய நகர்த்தல் கெடு முடிந்ததும் தானாகவே பலகையில் நடந்துவிடும். போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்க முடியாது. எங்கள் கேப்டன் வேறு யாருமில்லை, கடைத்தெரு முனையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே அவர்தான், ஏழாவது படிக்கும்போது உனக்கு முதல் கண்ணாடி போட்டுவிட்டவர். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். இரண்டாம் நாள் முடியும்போது எல்லோரும் எழுதியதைத் தொகுத்து "இதுவரை பேசியது" என்று தலைப்புப் போட்டு ஒரு சுருக்கம் எழுதுவார், பாதிப் பேர் அதை மட்டும் படித்துவிட்டு ஓட்டுப் போடுவார்கள். வக்கீல் சார் என்று ஒருவர், ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதற்குக்கூட மனு எழுதுகிற மாதிரி முன்னுரை, வாதம், கோரிக்கை என்று மூன்று பத்தி எழுதுவார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் அவருக்கு நேர் எதிர், எந்தக் கட்டடத்தில் எந்த இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பாரோ, அங்கிருந்தே "குதிரை சும்மா நிக்குது, ஏதாவது வேலை குடுங்க" என்று ஒரே வரி போட்டுவிட்டுப் போய்விடுவார், பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் "சரி" என்பதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இந்த ஆட்டத்தில் ஒன்பதாவது நகர்த்தலின்போது நீங்கள் ஒரு சிப்பாயைக் காவலில்லாமல் விட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா. எங்களில் அத்தனை பேரும் சாப்பிடலாம் சாப்பிடலாம் என்று துடித்தார்கள். நான் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து நகர்த்தல் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், அதைத் தின்றால் எங்கள் ராஜா முன்னால் பாதை திறந்துவிடுகிறது. அதை முதல் முறையாக நான்கு வரியில் எழுதினேன், எழுதி அனுப்பிவிட்டு அரை மணி நேரம் போனையே திறக்கவில்லை, அவ்வளவு பயம். மூன்றாம் நாள் பன்னிரண்டு ஓட்டு என் பக்கம் விழுந்திருந்தது. உனக்கு இது சின்ன விஷயம். எனக்குக் கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே கல்யாணம், கடைசிப் பரீட்சைக்கு நீ மடியில் இருந்தாய், அன்றிலிருந்து எந்த முடிவும் நான் உட்கார்ந்திருந்த அறையில் எடுக்கப்பட்டதில்லை, எடுத்த பிறகு எனக்குத் தெரிவிப்பார்கள். எந்த வீட்டுக்குக் குடிபோவது என்பதிலிருந்து ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு எந்த ஷிஃப்ட் என்பது வரைக்கும். பன்னிரண்டு பேர், என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காதவர்கள், நான் சொன்ன காரணத்தைப் படித்துவிட்டு மனதை மாற்றிக்கொண்டார்கள். அந்த இடத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

பதினாறாவது நகர்த்தலில் ஆரம்பித்தது வினை. உங்கள் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயின் மேல் எங்கள் குதிரையைப் பலி கொடுத்து உள்ளே நுழைவது என்று முடிவு செய்தோம், அதற்கு முன்னேற்பாடாக ஒரு நகர்த்தல் தேவைப்பட்டது. அதைச் செய்து முடித்ததுமே நீங்கள் ராஜாவைச் சத்தமில்லாமல் மூலைக்கு நகர்த்திவிட்டீர்கள். சரி, தற்செயல் என்று விட்டோம். அடுத்து யானையை ராணிக்குப் பின்னால் கொண்டுவரத் திட்டம் போட்டோம், நீங்கள் அதே வரிசையில் ஒரு சிப்பாயைக் கொண்டுவந்து அடைத்தீர்கள். வக்கீல் சார் எழுதினார், நாம் பேசுவது நாலு சுவருக்குள் நிற்கவில்லை, அணியில் ஒருவருக்கு எதிரணியில் ரத்த சம்பந்தம் இருக்கிறது, அவர் வாராவாரம் அங்கே போன் பேசுகிறார், இந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்ததே அவர்தான் என்று. பெயர் மட்டும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. ஆட்டம் போடலாமா என்று நீ கேட்டதும், நான் அதை எங்கள் அணியில் கொண்டுபோய்ச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மறுநாள் நான் லேபில் இருக்கும்போது கேப்டன் எனக்குத் தனியாகப் போன் செய்தார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆட்டம் முடியும்வரை மகளோடு போன் பேசுவதை நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி, இல்லையென்றால் அணியிலிருந்து கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கலாம் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். "ஒரு ஆறு மாசம் தானேம்மா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ரத்த மாதிரிக் குழாயைக் கீழே போட்டிருப்பேன், யாரோ ஒரு பாவப்பட்டவருக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருந்திருக்கும். பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அணிப் பெட்டியில் எழுதினேன். ஒரு நாளைக்கு அறுபது பேருடைய ரகசியம் என் மேஜைக்கு வருகிறது, யாருக்கு என்ன நோய் என்று என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை, உங்களில் சில பேருடைய ரகசியமும் அதில் இருக்கிறது, அது வெளியே வந்ததா என்று கேட்டேன். என் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்பதற்கு எனக்குப் பெரும்பான்மை தேவையில்லை என்றும் எழுதினேன். போனையும் நிறுத்த மாட்டேன், நானாக விலகவும் மாட்டேன், விலக்க வேண்டுமென்றால் நீங்களே ஓட்டுப் போட்டு விலக்குங்கள், என் கையால் நான் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன் என்று முடித்தேன். வக்கீல் சார் அதையும் விடவில்லை, அப்படியே ஆகட்டும் என்று தீர்மானமாகவே கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமையோடு கெடு முடிகிறது. மூன்றாம் நாள்தான் ஓட்டு என்பது காய் நகர்த்தத்தான், தீர்மானத்துக்கு ஒரு வாரம், எந்த நாளும் போடலாம், நான் முதல் நாளே போட்டுவிட்டேன், என் மேல் வந்த தீர்மானத்துக்கு எதிராக விழுந்த முதல் ஓட்டு என்னுடையது. அப்பா, விட்டுத்தள்ளு, பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆட்டம், இதற்காக ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வார்களா என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்ததும் கால் தரையை அழுத்தியது.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. லேபில் ஒருவருடைய ரிசல்ட் கொஞ்சமும் பொருந்தாமல் வந்தால் நாங்கள் ஆளைப் பிடித்து விசாரிப்பதில்லை, அன்று காலையில் வந்த குழாய்களையெல்லாம் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் லேபிளையும் படிப்போம். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, பதினைந்தாவது நகர்த்தலிலிருந்து அணியில் எழுதப்பட்ட அத்தனையையும் அப்படித்தான் படித்தேன். யார் எழுதினார், என்ன எழுதினார் என்பதை விட்டுவிட்டு, எங்கே எழுதப்பட்டது என்று மட்டும் பார்த்தேன். பலகைக்குக் கீழே இரண்டு பெட்டி இருக்கிறதல்லவா, ஒன்று அணிக்கு மட்டும், ஓரத்தில் பச்சைக் கோடு, இன்னொன்று இரண்டு அணிக்கும் பொது, வணக்கம், நல்ல ஆட்டம் என்று மரியாதைக்கு எழுதுகிற இடம், சாம்பல் கோடு. எங்கள் போனில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கலந்தே வரும். கேப்டன் புதுப் போன் வாங்கியது பதினைந்தாவது நகர்த்தலின்போது. அன்றிலிருந்து அவர் எழுதிய "இதுவரை பேசியது" ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாம்பல் கோடு. ஊருக்கெல்லாம் கண் பரிசோதனை செய்கிறவர், எங்கள் முழுத் திட்டத்தையும் வாரம் தவறாமல் உங்கள் எல்லோர் முன்னாலும் விரித்து வைத்திருக்கிறார். பதினெட்டுப் பேர் படித்தோம், ஒருவரும் ஓரத்தைப் பார்க்கவில்லை.

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அந்தச் சுருக்கத்துக்குக் கீழே, அதே சாம்பல் பெட்டியில், இரண்டு பதில் இருந்தது. இரண்டும் என்னுடையது. குதிரையை ஏன் பலி கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் எதை நகர்த்த வேண்டும், நீங்கள் எதைச் செய்தால் எங்கள் திட்டம் கெட்டுப்போகும் என்பதுவரை விளக்கமாக எழுதியிருக்கிறேன். ராஜாவை மூலைக்கு நகர்த்தினால் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு வாரமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதியதெல்லாம் கண் முன்னால் வந்தது. வெளியே விட்டவள் நானும்தான், போனில் இல்லை, எல்லோரும் பார்க்கிற இடத்தில். கேப்டன் எழுதியதை மட்டும் காட்டிவிட்டு என்னுடையதை அழித்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, உன்னிடம் மறைப்பானேன், அந்த அழிக்கும் பொத்தானை ஒரு முறை தொட்டுப் பார்த்தேன், அழுத்தவில்லை. புதன்கிழமை எல்லாவற்றையும் தேதி போட்டு, பச்சைக் கோடு இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, எழுதினேன். கேப்டனுடைய சுருக்கம் நான்கு, என்னுடைய பதில் இரண்டு, இதுதான் ஓட்டை, என் மகளுடைய போன் இல்லை என்று.

அதை எழுதி முடித்த பிறகுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நீ, அம்மா ஒரு விஷயம், அந்த ஆட்டத்துல நீங்க எழுதறது என்று ஆரம்பித்தாய், நான் உன்னை முடிக்க விடவில்லை, ஆட்டத்தைப் பற்றி மூச்சு விட்டால் போனை வைத்துவிடுவேன் என்று சொல்லி, சொன்ன மாதிரியே வைத்தும்விட்டேன். நீ சொல்ல வந்தாய், உன் அணிக்கு நஷ்டம் என்று தெரிந்தும் சொல்ல வந்தாய். நான்தான் என் கட்டுப்பாட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தில் நான் யாரிடமாவது மன்னிப்புக் கேட்பது இந்த ஒரு இடத்தில்தான். உன் தோழர்கள் படித்ததில் எனக்குக் கோபம் இல்லை, நடுத்தெருவில் நின்று கத்திப் பேசியதைக் கேட்டவர் மேல் என்ன குற்றம். ஆனால் உங்கள் கேப்டன் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று நான் நினைப்பதை அவரிடம் சொல்லு.

இன்று வியாழக்கிழமை. காலையில் லேப் திறந்ததும் முதல் ஆளாக எங்கள் கேப்டன் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்தார், சர்க்கரை பார்க்க வேண்டுமாம். சட்டைக் கையை மடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், முப்பது வருடத் தொழில், பாதிப் பேர் அதை இன்னும் படிக்கவில்லை, அதற்குள் அந்தப் பதிவை எடுத்துவிட்டால் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்ய வக்கீலிடம் தானே பேசுவதாகச் சொன்னார். "உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லதும்மா" என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஆனால் அவர் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பார். அவர் பெயரும் சுத்தமாக இருக்க வேண்டும், என் பெயரும் சுத்தமாக இருக்க வேண்டும், பழி மட்டும் உன் மேலும் அந்தப் போன் மேலும் அப்படியே கிடக்க வேண்டும். "ஊசி குத்தும்போது பேரம் பேசாதீங்க சார், என் கை ஆடும்" என்றேன். ஆடவில்லை, ஒரே குத்தில் எடுத்தேன். என் பெயரையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், எடுக்க மாட்டேன் என்று குழாயில் லேபிளை ஒட்டிக்கொண்டே சொன்னேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே எழுந்து போனார். சர்க்கரை எவ்வளவு என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

மதியத்துக்குள் வக்கீல் சார் பதில் எழுதிவிட்டார். எதிரணிக்குத் தகவல் போனதில் தனக்கும் பங்கு உண்டு என்று உறுப்பினரே ஒப்புக்கொண்டுவிட்டபடியால் தீர்மானத்துக்கு வலு கூடியிருக்கிறது, குறையவில்லை என்று. அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், அதற்குத்தான் ஓட்டு இருக்கிறது, என் தவறுக்காக என்னை வெளியே அனுப்பினால் தலை குனிந்து போவேன், என் போனுக்காக அனுப்பினால் தலை நிமிர்ந்துதான் போவேன் என்று எழுதினேன். லிஃப்ட் அண்ணன் அதற்குக் கீழே "லிஃப்ட்டை நிறுத்தினது யாருன்னு தெரிஞ்சிருச்சு, கயித்தை ஏன் அறுக்கறீங்க" என்று ஒரு வரி போட்டார். இதுவரை பதினோரு ஓட்டு விழுந்திருக்கிறது, யார் எந்தப் பக்கம் என்று கெடு முடியும்வரை காட்டாது. தோற்ற நிலைதான், ஆட்டத்தைக் கைவிட்டுவிடலாம் என்றும் இரண்டு பேர் எழுதினார்கள். இருக்கும் வரைக்கும் எனக்கு ஓட்டு உண்டு, கைவிடுவதற்கு நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் எங்கள் பேச்சு பச்சைக் கோட்டுக்குள்தான், உங்கள் ராஜாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். இரண்டு நாளும் மணி ஏழுக்கு உன் போன் அடித்திருக்கும், நான்தான் பேசியிருப்பேன், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் கேட்டிருப்பேன். ஓட்டு என்ன ஆயிற்று, அம்மா உள்ளே இருக்கிறாளா வெளியே போய்விட்டாளா என்று என் குரலை நினைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பாய். முடியாது. இரண்டில் எது நடந்திருந்தாலும் நான் அதே மணிக்கு அதே குரலில் கூப்பிட்டிருப்பேன்.

ரத்த வகை எழுதிய அட்டையைப் பர்ஸிலேயே வைத்துக்கொள், மேஜை இழுப்பறையில் போட்டுவைத்தால் அவசரத்துக்கு உதவாது. உடம்பைப் பார்த்துக்கொள், படிப்பைப் பார்த்துக்கொள். உன்னைக் கேட்காமல் உனக்காக யாரும் முடிவெடுக்காத இடமாகப் பார்த்து நீ உட்கார வேண்டும், நீண்ட ஆயுளோடு நிமிர்ந்து உட்கார வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். அப்பாவுடையதும் இதில் இருக்கிறது, அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வரை நூலக அணியின் உறுப்பினர்,
அதற்கு முன்னாலும் பின்னாலும்
உன் அம்மா.